வேன்ல ஏறுறவங்க கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

அரசாங்கத்துக்கு ஆதரவா நடந்த பேரணிய பத்தி போன வாரம் உங்க பேப்பர்ல, எல்லாம் காசுக்கு வந்த கூட்டம்னு ஒரே வரியில முடிச்சிட்டீங்க. காசு குடுக்கறது பொய்னு சொல்ல வரல, காசு புடிபட்டதால 2019ல எங்க வேலூர் தொகுதி எம்பி எலெக்‌ஷனே ரத்தாகி ஆகஸ்ட்ல தனியா ஓட்டு போட்ட ஊர்க்காரங்க நாங்க, எங்களுக்கு தெரியாதா.

எங்க குடியாத்தம் பக்கம் பீடி சுத்துறவங்க நெறைய. காலைலருந்து மொறத்த மடியில வச்சிக்கினு ஆயிரம் பீடி சுத்தினாத்தான் ஒரு நாள் கூலி, அதுலயும் எல சரியில்லன்னு ஏஜென்ட் கொஞ்சம் கழிச்சிடுவாரு. 100 நாள் வேலைக்கு 2025-26ல 336 ரூபான்னு அறிவிச்சாங்க, சரி, ஆனா 2024 நவம்பர்லருந்து செஞ்ச வேலைக்கே மாசக்கணக்கா காசு வராம கெடந்துச்சே. கூட்டத்துக்கு போனா அன்னிக்கு சாயங்காலமே கையில, பிரியாணி பொட்டலம் வேற.

ஆனா பெரிய விஷயம் அந்த காசு இல்ல சார். எங்க தெருவுல வேன் வந்து நின்னப்போ மகளிர் குழு தலைவி ஒரு நோட்ட வச்சிக்கினு ஏறுறவங்க பேரெல்லாம் எழுதினாங்க. நம்ம பேரு இல்லன்னா அடுத்த லோன்ல தள்ளி விட்ருவாங்களோ, மாமியாரோட 1200 ரூபா பென்ஷன் மனு அப்படியே நின்னுடுமோ, இந்த பயம்தான். யாரும் மெரட்டல, மெரட்ட வேண்டிய அவசியமும் இல்ல. பக்கத்து வீட்டு ஆயா சொன்னாங்க, "போனா ஒண்ணும் கேக்க மாட்டாங்க, போவலன்னாதான ஏன்னு கேப்பாங்க."

இது நம்மூரு கூத்து மட்டுமில்ல. வெனிசுவேலாவுல வெலவாசி எகிறி சம்பளத்துக்கு மதிப்பே இல்லாம போனப்போ, 2016லருந்து அரசாங்கமே அரிசி, மாவு, எண்ணெய்னு பெட்டி போட்டு கொறஞ்ச வெலைக்கு குடுத்துச்சு, தெருவுல அத பிரிச்சு குடுக்கற கமிட்டில ஆளுங்கட்சி ஆளுங்க, அப்புறம் அவங்களே ஊர்வலத்துக்கு கூப்பிட்டா யாரு வரலன்னு சொல்வா?

மாசம் 1000 ரூபா உரிமைத்தொகை வந்தப்புறம் கேஸ் சிலிண்டருக்கு புருஷன் கைய பாக்கறதில்லன்னு சந்தோஷமா ஏறினவங்களும் அதே வேன்ல இருந்தாங்க. அவங்களையும் சேத்து கூலிக்கூட்டம்னு எழுதறது அநியாயம் சார்.

அடுத்த தடவ நிருபர மேடைகிட்ட நிக்க வெக்காம வேன் கெளம்புற எடத்துக்கு அனுப்புங்க. ஷூ கம்பெனில ஓவர்டைம் ஓடி கையில கூலி இருக்கற வாரத்துல ஆம்பூர், பேர்ணாம்பட்டு பக்கம் அதே அளவுக்கு வேன் ரொம்புதான்னும் விசாரிக்க சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், குடியாத்தம்