லேத் காக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

கார் ஓடுகிறது. நானே ஓட்டுகிறேன்.

அந்த மழை வெள்ளத்துக்குப் பிறகு என்னைக் கண்டவர்கள் எல்லோரும் கேட்டது காரைப் பற்றித்தான். அதனால் இதை முதலில் சொல்லிவிட்டேன். அந்த இரவைத் திரும்ப எழுதப் போவதில்லை. நீங்களும் அதற்குள்தான் இருந்தீர்கள். உங்கள் வீடுகளிலும் தண்ணீர் நின்றபோது, என் கொட்டிலில் கிடந்த ஒரு பழைய மொறிஸ் மைனரை நினைத்து ஓடி வந்தீர்களே, அதற்குத்தான் இந்த மடல்.

என்னையும் சக்கர நாற்காலியையும் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறிய பாலையூற்றுப் பொடியன்கள். வள்ளத்துக் கயிற்றைக் கொண்டுவந்து காரை இழுத்த அண்ணன்மார். சேறு ஏறிய எஞ்சினைக் கழற்றி ஒவ்வொரு துண்டாக டீசலில் கழுவிய கராஜ் தம்பிகள். லண்டனிலிருந்து வந்த ஒருவரின் பெட்டிக்குள் கதவு றப்பர்களைத் திணித்து அனுப்பிய மச்சான். என் பாதிச் சிங்களத்தைத் தொலைபேசியில் பொறுமையாகக் கேட்டு, சரியான பிரேக் பூஸ்டரைத் தேடி எடுத்து பஸ்ஸில் ஏற்றிவிட்ட கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைக்காரர். வேலை நடந்த நாளெல்லாம் புட்டும் சம்பலும் அனுப்பிய மாமி. உங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதக் கடமைப்பட்டவன் நான். இப்போதைக்கு ஒரே பந்திக்குள் நெருக்கி இருத்தியதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மிச்ச இடம் ஒருவருக்கு வேண்டும். பெயர் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார். இரும்பு கடையும் லேத் பட்டறைக்காரர், கிண்ணியாவில் லேத் காக்கா என்றாலே போதும்.

அவர் செய்தது விளங்க வேண்டுமென்றால் காரைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். என்னுடையது ஒரு ஹொட் ரொட், பழைய காரைப் பிரித்துத் திருத்தி உருவாக்கும் கார். ஹொட் ரொட் என்றதும் எல்லோரும் நினைப்பது 1932ஆம் ஆண்டு போர்ட் காரை. மலிவான கார் ஒன்றுக்குள் வீ-8 எஞ்சின் வந்தது அந்த வருடம்தான். கலிபோர்னியாவில் இளம் பொடியன்கள் பழைய போர்ட்களை வாங்கி, பாரத்தைக் கழற்றி வீசி, எஞ்சினைத் திருத்தி, வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டினார்கள். கைக்கு எட்டிய பழைய காரைத் தன் மனசுக்கேற்ற காராக்குவதுதான் அதன் உயிர். திருமலையில் கைக்கு எட்டுவது மைனர். (2020இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு அதற்கும் விலை ஏறிவிட்டது.) 1948இல் வெளிவந்த அந்தக் காரின் மாதிரியை, அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் கடைசி நேரத்தில் நடுவால் வெட்டி 4 அங்குலம் அகட்டினார். பொனற்றின் நடுவில் ஓடும் பட்டை அந்த வெட்டின் தழும்பு. எனக்கு மைனர்மேல் பிரியம் வந்ததற்கு அந்தத் தழும்பும் ஒரு காரணம்.

என்னுடையது இரண்டு கதவு. கதவு நீளம் என்பதால் நாற்காலியை அணைத்து வைத்து ஏறலாம். ஹொட் ரொட் செய்பவர்கள் பலர் கூரையை வெட்டிப் பதிப்பார்கள். நான் அதைத் தொடவில்லை. கூரையோரப் பீலியைப் பிடித்துத்தான் என் உடம்பைத் தூக்கி உள்ளே போடுகிறேன். பின்சில்லுகளை அகலமாக்கினோம். பழைய கொரோலா ஒன்றின் 4கே எஞ்சினையும் ஒட்டோ கியர்பொக்ஸையும் வைத்தோம். எஞ்சின் மாற்றத்தைப் பதிவுப் புத்தகத்திலும் ஏற்றியாயிற்று. எக்ஸிலேட்டரும் பிரேக்கும் ஒரே தடியில்: இழுத்தால் ஓட்டம், தள்ளினால் பிரேக். மற்றக் கைக்கு ஸ்டியரிங்கில் ஒரு உருண்டை.

பிரேக்தான் சிக்கல். பிரேக் எண்ணெயை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் மைனரில் சாரதியின் காலடிக்குக் கீழே, சட்டத்துக்குள் படுத்திருக்கும். காலால் ஏறி மிதிப்பவருக்காகச் செய்த பிரேக் அது. பூஸ்டர் போட்டால்தான் கையின் பலம் போதும்.

தடியைக் கடைந்து தந்தவர் காக்கா. பளபளவென்று இருந்தது. பொருத்தி முடித்து எல்லோரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். அவர் மட்டும் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு தோளில் கிடந்த துவாயை எடுத்து, தன் இரண்டு முழங்கால்களையும் சேர்த்து இறுக்கிக் கட்டினார். பொடியன்களைக் கூப்பிட்டுத் தன்னைத் தூக்கி சீற்றில் வைக்கச் சொன்னார். பாதம் ஊன்றாதபடி கால்களைச் சரித்து வைத்துக்கொண்டு, "பின்னால நிண்டு தள்ளுங்க" என்றார். ஒழுங்கையில் கார் வேகம் பிடித்ததும் தடியைத் தள்ளினார். உடம்பு முழுவதும் முன்னால் போய் நெஞ்சு ஸ்டியரிங்கில் இடித்தது.

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "தம்பி, உங்களுக்கு எப்பவும் இப்படித்தான் வருமா?" என்று கேட்டார்.

ஓம் என்றேன். நெஞ்சுக்குக் கீழே பிடிமானம் இல்லாதவனுக்குக் கை நீண்டால் உடம்பும் கையோடு போய்விடும். நாற்காலியில் இருக்கும்போதும் அப்படித்தான். அதை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"தடிக்குத்தான் அளவெடுத்தன் தம்பி, உங்களுக்கு எடுக்கல்ல" என்றார்.

அந்த அழகான தடியை அங்கேயே வாளால் அறுத்தார். பிடியை 3 அங்குலம் நெஞ்சுப் பக்கமாகக் கொண்டுவந்தார். இப்போது முழங்கை மடிந்தபடியே முழுப் பிரேக்கும் பிடிக்கிறது. தள்ளும் தூரம் குறைந்ததால் கூடுதலாக வேண்டியிருந்த பலத்தைப் பூஸ்டர் பார்த்துக்கொண்டது. சீற்றின் இரு பக்கமும் விலாவை அணைக்கக் குழாய் வளைத்து வெல்டிங் செய்தார். நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு பட்டி. பிறகு மறுபடி கால்களைக் கட்டிக்கொண்டு மறுபடி தள்ளச் சொன்னார். அஸர் தொழுகைக்குப் போகும்போது மட்டும் துவாயை அவிழ்த்தார். வந்ததும் தானே கட்டிக்கொண்டார். கணக்குக் கேட்டபோது இரும்புக்கும் வெல்டிங் குச்சிக்கும் மட்டும் சொன்னார்.

நாற்காலிக்கு வந்த பிறகு எனக்கு உதவிய நல்லவர்கள் நிறையப் பேர். ஆனாலும் பலர் என்னிடம் கேட்பதில்லை, என்னைத் தள்ளி வருபவரிடம்தான் "இவருக்கு என்ன வேணும்?" என்று கேட்பார்கள். காக்கா துவாயைக் கட்டியபோது எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. அவர் நெஞ்சு ஸ்டியரிங்கில் இடித்த அந்த நொடியில் என் கண் கலங்கிவிட்டது. அந்த இடி எப்படியிருக்கும் என்று தெரிந்த இன்னொருவர் என் பக்கத்தில் இருந்தார்.

போன வெள்ளிக்கிழமை கிண்ணியாப் பாலத்தால் ஓட்டிப்போனேன். பாலம் 2009இல் திறக்கும்வரை அந்தத் தண்ணீரைப் பாதையில், அதாவது மிதவைப் படகில், ஏறித்தான் கடப்போம். பட்டறை வாசலில் நிறுத்தியதும் காக்கா வெளியே வந்தார். அவர் முதலில் பார்த்தது என் முகத்தையல்ல, முழங்கையை. மடிந்திருக்கிறதா என்று.

ஒரு வாக்குத் தருகிறேன். தடியின் அளவுகள், அது திரும்பும் இடம், அணைக்குழாயின் வளைவு எல்லாவற்றையும் காக்கா சொல்லச் சொல்ல வரைந்து வைத்திருக்கிறேன். மூதூர், குச்சவெளி, தம்பலகாமம், எங்கிருந்தாலும் சரி: கால் இழந்தவர்கள், கால் வழங்காதவர்கள், ஓட்ட ஆசையிருந்தால் வாருங்கள். காராக இருக்க வேண்டியதில்லை, ஓட்டோவானாலும் பார்ப்போம். என் அளவு உங்களுக்குப் பொருந்தாது. அதனால் முதலில் என் காரில் இருந்து தடியைப் பிடித்துப் பாருங்கள். அங்கிருந்து உங்கள் உடம்புக்கு அளவெடுக்கலாம். காக்காவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கொட்டிலின் வாசற்படியை இடித்துச் சரிவாக்கிவிட்டோம், நாற்காலியோடு நேராக உள்ளே வரலாம். பின்னேரம் 4 மணிக்குப் பிறகு நான் அங்கேதான் இருப்பேன்.