செயலாளரின் ஆண்டறிக்கை: உள்ளரங்கச் சைக்கிள் பயிற்சி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சாலைச் சவாரிகள் வழக்கம்போல் நடந்தன. அவற்றின் விவரம் உங்களிடம் உள்ள பதிவேட்டில் இருக்கிறது. இந்த ஆண்டு அதிகம் பேசப்பட்டதும் அதிகம் சண்டை நடந்ததும் உள்ளரங்கப் பயிற்சியில்தான். எனவே அறிக்கையின் பெரும்பகுதி அதற்கே.

நாம் மிதிப்பதைத் திரையில் சவாரியாகக் காட்டும் சைக்கிள் செயலிகள் மாதத்துக்கு ஒரு புதுமை என்று இறக்கிக்கொண்டே இருக்கின்றன. திரையில் வரும் உருவத்துக்குப் புதுச் சட்டை, மின்னும் சக்கரம், பதக்கம் இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தால், நம் சங்கத்துக்கு உண்மையில் பயன்பட்டது ஒன்றே ஒன்று: மெய்நிகர் கியர்.

முன்பு நிலைமை என்ன? பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு வண்டியை ஸ்மார்ட் ட்ரெய்னரில், அதாவது செயலி சொல்கிறபடி மிதிக்கும் எதிர்ப்பைக் கூட்டிக் குறைக்கும் கருவியில், மாட்டுவோம். ட்ரெய்னரில் இருப்பது பதினொரு பல்சக்கரங்களை அடுக்கிய கேசட். எட்டு கியர் வண்டி வைத்திருப்பவர் வந்தால் செயின் ஒழுங்காக உட்காராது, தாவும், கடகடவென்று சத்தம் போடும். கேசட்டை மாற்றக் கருவி தேட வேண்டும். அதற்குள் அடுத்தவருடைய நேரம் வந்துவிடும். பழைய வண்டி வைத்திருந்த மூத்த உறுப்பினர்கள் பலர் இதனாலேயே ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

ஸ்விஃப்ட் என்ற சைக்கிள் செயலி நிறுவனம் 2023இல் ‘காக்’ என்ற ஒற்றைப் பல்சக்கரத்தைக் கொண்டுவந்தது. எட்டு முதல் பன்னிரண்டு கியர் வரையிலான செயின் எதுவும் அதில் ஓடும். செயின் ஒரே இடத்தில் நேராக நிற்கும், கைப்பிடியில் ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் செயலி 24 மெய்நிகர் கியர்களில் ஒன்றைத் தேர்ந்து, அதற்கேற்ற எதிர்ப்பை ட்ரெய்னருக்குச் சொல்லும். முதல் நாள் நம் மூத்த உறுப்பினர் ஒருவர் பொத்தானை அழுத்திவிட்டு உடனே குனிந்து செயினைப் பார்த்தார். அது அசையவே இல்லை. ஆனால் கால் கனத்தது. மறுபடி அழுத்தினார், மறுபடி குனிந்தார். அன்று மாலை முழுக்க அவரை வண்டியிலிருந்து இறக்க முடியவில்லை.

ஒரு குறிப்பு. கியர் மெய்நிகர்தான் என்றாலும், முன்பக்கம் சிறிய பல்சக்கரத்தில் ஓட்டினால் ட்ரெய்னரின் கனச்சக்கரம் மெதுவாகச் சுழலும், சத்தமும் குறையும். பெரிய பல்சக்கரம் சமதளச் சாலையின் உணர்வைத் தரும். அவரவர் விருப்பம். ஆனால் இரவு எட்டு மணிக்கு மேல் சிறியதிலேயே ஓட்டும்படி கேட்டுக்கொள்கிறேன், மாடியில் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

அடுத்தது எஃப்.டி.பி., அதாவது ஒருவர் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்து மிதிக்கக்கூடிய வலு, வாட் கணக்கில். இருபது நிமிடம் உயிரைக் கொடுத்து மிதித்து, அந்தச் சராசரி வாட்டில் 95 சதவீதத்தை எடுக்கும் பழைய சோதனை யாருக்கும் பிடிப்பதில்லை. ட்ரெய்னர்ரோடு போன்ற செயலிகள் இப்போது சோதனை இல்லாமலே, நம் பழைய பயிற்சிப் பதிவுகளிலிருந்து அந்த எண்ணைக் கணித்துவிடுகின்றன. நல்ல வசதிதான். ஆனால் வாரத்துக்கு ஒருமுறை வந்து, அதுவும் இரண்டு வெவ்வேறு கருவிகளில் ஓட்டுபவருக்கு அந்தக் கணிப்பை நான் நம்பமாட்டேன். ஒரே கருவி, தொடர்ச்சியான பதிவு, இரண்டும் வேண்டும். இல்லாதவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சோதனையே செய்துவிடுங்கள்.

எர்க் முறை பற்றிப் புதியவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அதில் வாட் அளவை ட்ரெய்னரே பிடித்து வைத்திருக்கும். மிதி வேகம் குறைந்தால் அதே வாட்டைக் காப்பாற்ற எதிர்ப்பைக் கூட்டும். கூட்டினால் கால் இன்னும் தளரும், கடைசியில் பெடல் நின்றேவிடும். கடினமான பகுதி தொடங்குவதற்குச் சில நொடிகள் முன்பே மிதி வேகத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். சிக்கிக்கொண்டால் பெடலோடு மல்லுக்கட்டாமல் எர்க்கை அணைத்துவிடுங்கள்.

இனி, சண்டைக்கு வருகிறேன்.

நமக்குள் நடந்த மலையேற்றப் போட்டியில் சிலருடைய உடல் எடை பற்றிக் கேள்வி எழுந்தது. மெய்நிகர் ஏற்றத்தில் ஒரு கிலோவுக்கு எத்தனை வாட் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 240 வாட் மிதிக்கும் 80 கிலோ மனிதருக்கு அது 3.0. செயலியில் 75 என்று தட்டிவிட்டால் 3.2. ஸ்விஃப்ட் செயலியின் மெய்நிகர் மலையான அல்ப் டு ஸ்விஃப்ட் பாதையில் 21 கொண்டை ஊசி வளைவுகள், ஆயிரம் மீட்டருக்கும் மேல் ஏற்றம். அங்கே இந்த 0.2 பல இடங்கள் முன்னே கொண்டுபோய் விட்டுவிடும். யாரும் வேண்டுமென்றே செய்ததாக நான் சொல்லவில்லை. சிலர் கணக்குத் தொடங்கிய நாளில் போட்ட எடையை அதன்பின் தொடவே இல்லை. சரி, செயற்குழு முடிவு இதுதான்: போட்டி நாளில் எல்லோரும் ஒரே தராசில், இன்னொருவர் முன்னிலையில் ஏற வேண்டும். அதோடு கொஞ்சம் ஓட்டி ட்ரெய்னர் சூடேறியபின் அதையும் அளவுதிருத்தம் செய்ய வேண்டும்.

தரம் பிரிப்பதில் செயலிகளே கொஞ்சம் முன்னேறியிருக்கின்றன. ஸ்விஃப்ட் 2024இல் கொண்டுவந்த பந்தய மதிப்பெண், ஒருவர் பந்தயங்களில் வாங்கிய இடங்களை வைத்து ஏறி இறங்குகிறது. கீழ்ப்பிரிவில் பதுங்கிக்கொண்டு தொடர்ந்து ஜெயிப்பது இனி சுலபமில்லை. உள்போட்டிக்கும் அதையே பின்பற்றலாம் என்பது என் கருத்து.

புதிதாகச் சேர்பவர்களை முதலில் மைவூஷ் என்ற செயலியில் தொடங்கச் சொல்கிறோம், அது இலவசம். 2024ஆம் ஆண்டின் யு.சி.ஐ. (சர்வதேச சைக்கிள் சம்மேளனம்) மின்விளையாட்டு உலகச் சாம்பியன் போட்டியே அதில்தான் நடந்தது, எனவே மட்டமானது என்று யாரும் நினைக்க வேண்டாம். நிஜச் சாலைக் காணொளியில் ஓட்ட விரும்புபவர்களுக்கு ரூவி இருக்கிறது. எதில் ஓட்டினாலும் சவாரிக் கோப்புகளை இன்னோர் இடத்திலும் சேமித்து வையுங்கள். ஆர்.ஜி.டி. என்ற செயலி 2023 அக்டோபரோடு மூடப்பட்டதை மறக்க வேண்டாம்.

‘ட்ரெய்னர் இணையவில்லை’ என்ற புகார்தான் எனக்கு அதிகம் வந்தது. பெரும்பாலும் கருவியில் கோளாறு இல்லை. பல ட்ரெய்னர்கள் ப்ளூடூத்தில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு தொடர்பைத்தான் ஏற்கும். முந்தைய ஆள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருப்பார், அவர் சட்டைப்பையில் இருக்கும் போன் ட்ரெய்னரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். இறங்கியதும் செயலியை மூடுங்கள். அப்புறம், கைப்பிடியில் துண்டு போடாமல் யாரும் ஓட்டக்கூடாது. வியர்வை உப்பு திருகாணிகளை அரித்துவிடுகிறது.

வரும் ஆண்டுக்கு இரண்டு கோரிக்கைகள். ஒன்று, பெரிய மின்விசிறி. உள்ளே எதிர்க்காற்று கிடையாது, உடல் சூடு ஏறினால் வாட் தானாக இறங்கும், எந்தச் செயலியின் புதுமையும் அதைச் சரிசெய்யாது. இரண்டாவது, சொந்த வண்டி இல்லாதவர்களும் ஓட்டும்படி, ஒரே திருகுச் சாவியால் இருக்கையின் உயரத்தையும் கைப்பிடியையும் மாற்றிக்கொள்ளக்கூடிய நிலைச்சட்டம், அதாவது ட்ரெய்னரிலேயே மாட்டி வைக்கும் சைக்கிள் சட்டம். இது வேண்டும் என்பவர்களும் வீண் செலவு என்பவர்களும் செயற்குழுவில் சரிபாதியாக இருப்பதால் முடிவைப் பொதுக்குழுவுக்கே விடுகிறோம். பொருளாளர் கணக்கை வாசித்தபின் வாக்கெடுப்பு நடக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்