செயலாளர் ஆண்டறிக்கை: கல்லோடு வந்த கொசுறுகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ரீஃப் டேங்க் (பவளம் வாழும் கடல்நீர்த் தொட்டி) வளர்க்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். ஆகவே இந்த அறிக்கையின் பெரும்பகுதியை, ஆண்டு முழுக்க நம்மைப் பாடாய்ப்படுத்திய ஒரே விஷயத்துக்கு ஒதுக்குகிறேன். லைவ் ராக் என்ற, உயிர்கள் குடியிருக்கும் கடல் கல்லோடும் பவளத் துண்டுகளோடும் கொசுறாக டேங்குக்குள் வந்து சேரும் உயிர்கள்தான் அது.

உறுப்பினர்கள் அனுப்பிய படங்களில் அதிகம் இருந்தது ஐப்டேசியா. பழுப்பு நிறம், கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் உடல், மெல்லிய நீண்ட கைகள். தொட்டால் சட்டெனப் பொந்துக்குள் சுருங்கிவிடும் சின்ன அனிமோன் (கடற்சாமந்தி). பக்கத்தில் இருக்கும் பவளத்தைக் கொட்டிக் கொட்டியே அழித்துவிடும். என் டேங்கில் முதல் ஐப்டேசியாவைப் பார்த்ததும் இடுக்கியால் பிய்த்தெடுத்தேன். அப்படிச் செய்திருக்கக் கூடாது. அதன் அடிப்பாகம் கிழிந்து கல்லில் தங்கும் துணுக்கு ஒவ்வொன்றும் தனி உயிராக வளரும். சிந்திய துளிக்கு ஓர் அசுரன் முளைத்த இரத்தபீஜன் கதைதான். சில வாரங்களில் அந்தக் கல்லின் பின்பக்கம் முழுவதும் அதுவே நின்றது.

அப்புறம் பம்புகளை நிறுத்திவிட்டு, கால்சியம் ஹைட்ராக்சைடை (நீற்றிய சுண்ணாம்பு) குழம்பாகக் கரைத்து, சிரிஞ்சால் ஒவ்வொன்றின் வாய்மேலும் மெதுவாக விட்டு மூடினேன். ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் போட்டால் நீரின் பிஎச் (காரத்தன்மை) ஏறிவிடும், நாளுக்குச் சிலவாகத்தான் செய்ய வேண்டும். கை எட்டாத சந்துகளில் இருந்தவற்றைத் தீர்த்தவை பெர்கியா என்ற கடல் நத்தைகள். ஓடில்லாத இவை ஐப்டேசியாவைத் தவிர வேறெதையும் தின்னாது. அது தீர்ந்தால் பட்டினியில் செத்துவிடும். அதனால்தான் ஒரு டேங்கில் வேலை முடிந்ததும் அடுத்தவர் டேங்குக்கு அவற்றைக் கைமாற்றினோம். நம் சங்கம் இந்த ஆண்டு செய்த உருப்படியான காரியம் இது என்று நினைக்கிறேன். பெப்பர்மின்ட் இறாலும் ஐப்டேசியாவைத் தின்னும், ஆனால் எல்லா இறாலும் தின்னும் என்ற உறுதி இல்லை. வாங்கும் இறாலுக்கு முதுகில் கூனும் உடலில் வெள்ளைக் கோடுகளும் இருந்தால் அது கேமல் இறால். பவளத்தையே கொறித்துவிடும், பார்த்து வாங்குங்கள்.

அடுத்து, பிரிஸில் புழுக்களுக்கு (உடலில் முள்கொத்துகள் உள்ள கடற்புழுக்கள்) நாம் செய்த அநியாயத்தைச் சொல்லியாக வேண்டும். ஓர் உறுப்பினரின் ட்ரைடாக்னா என்ற பெரிய சிப்பி இறந்துபோனது. காலையில் பார்த்தபோது அதன்மேல் புழுக்கள் மொய்த்திருந்தன. பழி அவற்றின்மேல் விழுந்து, பொறி வைத்துப் பிடித்துக் கொன்றார். இரண்டாவது சிப்பியும் வாடத் தொடங்கியபோது, சிலர் அவர் வீட்டுக்குப் போய் விளக்கெல்லாம் அணைத்து இரவில் சிவப்பு டார்ச் அடித்துப் பார்த்தோம். சிப்பியின் அடி ஓரத்தில், அரிசிமணி அளவில் வெள்ளை வெளேரென்று கூம்பு நத்தைகள் வரிசையாக ஒட்டியிருந்தன. சிப்பியின் சாற்றை உறிஞ்சும் பைரமிடெல்லா இனம். பகலில் ஓட்டின் அடியில் ஒளிந்திருக்கும். சிப்பியைத் தூக்கி, மென்மையான பிரஷ்ஷால் நத்தைகளையும், ஜெல்லி போன்ற முட்டைத் திட்டுகளையும் தேய்த்தெடுத்தோம். முட்டை பொரிக்கும் என்பதால் பல வாரங்கள் இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. சிப்பி பிழைத்தது.

புழுக்கள் பாவம், செத்ததைத் தின்ன வந்தவை. பெரும்பாலான பிரிஸில் புழுக்கள் மிச்சத் தீனியைத் தின்று மணலைச் சுத்தமாக வைப்பவை. கூட்டம் பெருகினால் தீனி அதிகமாகிறது என்று அர்த்தம். பவளம் தின்னும் நெருப்புப் புழுவுக்கு இரு பக்கமும் வெள்ளை முள்கொத்துகளும் சிவப்புச் செவுள்களும் அடர்த்தியாக இருக்கும், அதை மட்டும் எடுத்துவிடுங்கள். எந்தப் புழுவையும் வெறுங்கையால் தொட வேண்டாம். முள் குத்திவிட்டால் ஒட்டும் டேப்பை அழுத்தி இழுங்கள்.

சிவப்புத் தட்டைப்புழு விஷயத்தில் ஒரு நண்பர் மீன்களை இழந்தார். கண்ணாடியெல்லாம் புழு படர்ந்திருக்க, நேரடியாக மருந்து ஊற்றிவிட்டார். அவை சாகும்போது உடலிலிருந்து நச்சு வெளியேறும். முதலில் குழாய் வைத்து எவ்வளவு முடியுமோ அவ்வளவையும் உறிஞ்சி எடுக்க வேண்டும். நச்சை உறிஞ்சும் ஆக்டிவேட்டட் கார்பனும் மாற்றுவதற்கான உப்புநீரும் தயாரான பிறகே மருந்து.

புதுப் பவளம் வந்தால் டிப் செய்கிறோம் (மருந்து கலந்த நீரில் முக்கி எடுக்கிறோம்), சரி. வெள்ளைத் தட்டில் வைத்து பேஸ்டர் என்ற ரப்பர் குமிழ்க் குழாயால் பீய்ச்சினால் உதிர்வது எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் டிப் முட்டைகளைக் கொல்லாது. அக்ரோபோரா பவளத்தின் அடியில் தட்டைப்புழு முட்டைகள் பழுப்புச் சுண்ணாம்புப் பொட்டுபோல் ஒட்டியிருந்ததைச் சங்கத்தின் பூதக்கண்ணாடியில் பலரும் பார்த்தீர்கள். முட்டையைச் சுரண்டிவிட்டு, அடிக்கட்டையை முடிந்தால் உடைத்தெறிந்து, தனி டேங்கில் வைத்து வாரந்தோறும் மீண்டும் டிப் செய்வதே வழி.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். எதுவும் ஒழியவில்லை என்று லைவ் ராக்கை வேகவைக்க யாரும் முயல வேண்டாம். கல்லில் பாலிதோவா என்ற பவளம் போன்ற உயிர் இருந்தால் அதிலுள்ள பாலிடாக்சின் என்ற கடும் நச்சு ஆவியோடு எழுந்து வீட்டிலிருக்கும் எல்லோரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும். தேய்ப்பது, வெட்டுவது எதுவானாலும் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி, புதிதாக வருபவற்றைத் தனிமைப்படுத்தி வைக்கும், சங்கத்தின் பொதுக் குவாரன்டைன் டேங்க். இதுவரை துணைத்தலைவர் வீட்டில் இருந்தது, அவருக்கு நம் நன்றி. அவர் வீடு மாறுகிறார். வரும் ஆண்டுக்கு அதை ஏற்றுக்கொள்ள முன்வருபவர் இன்றைய கூட்டத்திலேயே பெயர் கொடுக்கவும். தெரியாத உயிர் எதைக் கண்டாலும், எடுப்பதற்கு முன் படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்பும் வழக்கத்தை விதியாக்கும் தீர்மானத்தையும், இந்த அறிக்கையையும் அவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்