மண்ணுக்குள் எரியும் தீ

செந்தூல்,
கோலாலம்பூர்.

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலமறிய ஆவல். மதினிக்கு மூச்சிழுப்பு எப்படி இருக்கிறது?

"தீ என்றால் ஊரே திரண்டு அணைக்க வேண்டியதுதானே, ஏன் மலேசியாவில் வாரக்கணக்கில் புகைய விடுகிறார்கள்?" என்று கேட்டிருந்தீர்கள். நம் போடி மலையில் அது சரி. அங்கே காய்ந்த புல்லில் தீ மேலே ஓடும். பச்சைக் குழையால் அடித்தால் அடங்கும், காற்று மாறினால் 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறியவர்கள் தீயில் சிக்கி இறந்தது போல் நடக்கும். இங்கே கிள்ளான் பக்கம் ஜொகான் செத்தியாவில் எரிவது மண். இலையும் வேரும் தண்ணீரில் ஊறி, முழுசாக மக்காமல் தேங்கிய கருப்பு மண். மலாயில் 'காம்புட்' என்பார்கள். பயிருக்காக வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தால் காய்ந்து கரி போலாகிவிடும். அதன் மேல் ஒருவன் குப்பையைக் கொளுத்தினால் போதும், தீ அடியில் இறங்கிவிடும்.

மேலே தண்ணீர் அடித்தால் ஜுவாலை போகும், நெருப்பு போகாது. ஒருமுறை நன்றாகக் காய்ந்த காம்புட், எண்ணெய் தடவியதுபோல் தண்ணீரை வழியவிடும். அதனால் 'பொம்பா'க்காரர்கள், அதாவது தீயணைப்புப் படையினர், வாய்க்காலை மறித்து, நிலத்தடி நீர் மேலேறும்வரை பம்பு வைத்து இறைக்கிறார்கள். பம்பு தண்ணீர் மட்டத்துக்கு மேல் 7 மீட்டருக்குள் இருந்தால்தான் உறிஞ்சும். குழாய் முனையில் இலை அடைக்கும், ஆகவே ஓட்டைக் கூடைக்குள் வைத்து இறக்க வேண்டும். எரிந்த நிலத்தின் மேல்தோல் உறுதியாகத் தெரியும், கீழே பொந்து. காலை வைத்தால் முழங்கால்வரை கங்கு. வேர் வெந்த மரம் காற்றே இல்லாமல் சாயும். உதவுகிறேன் என்று அக்கம்பக்கத்தார் உள்ளே இறங்கினால் அவர்களையும் சேர்த்து மீட்க வேண்டிவரும்.

ஆகவே ஊர் கூடுவது வேறு இடத்தில். 'கோத்தோங் ரோயோங்' என்று மலாயில் சொல்வது நம் ஊர்க் கூட்டுவேலைதான். கோயில், சூராவ் (முஸ்லிம்களின் சிறு தொழுகைக்கூடம்) என்று பார்ப்பதில்லை. சாப்பாட்டுப் பொட்டலமும் குடிதண்ணீரும் சாலை ஓரத்தோடு நின்றுவிட வேண்டும். முக்கிய வேலை அடுக்குமாடியில்: எந்த வீட்டில் ஆஸ்துமா, எங்கே தனியாக முதியவர், எங்கே கைக்குழந்தை என்று மாடிவாரியாக எழுதி, காலையும் மாலையும் கதவைத் தட்டுவது.

ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அறையையாவது சுத்த அறையாக்க வேண்டும். ஜன்னல் இடுக்கில் டேப், கதவடியில் துண்டு. மேசை விசிறியின் பின்பக்கம் நுண்தூசியைப் பிடிக்கும் ஹெபா ஃபில்டரை, அதிலுள்ள காற்றோட்ட அம்புக்குறி விசிறியைப் பார்க்க வைத்து, ஓரமெல்லாம் ஒட்ட வேண்டும். இடைவெளி விட்டால் காற்று அதன் வழியே ஓடும், ஃபில்டர் வெறும் அலங்காரம். ஃபில்டர் கருத்தால் மாற்றாவிட்டால் மோட்டார் சூடாகும். இத்தனையும் செய்துவிட்டு சாம்பிராணி போடுகிறவர்களை என்ன சொல்ல! ஊதுபத்தி, கொசுவர்த்தி, எண்ணெய்ப் பலகாரம் எதுவும் அந்த நாட்களில் கூடாது. ஈரத்துணி நுண்தூசியைத் தடுக்காது; என்95 முகக்கவசம் வேண்டும், ஒரு பட்டை உச்சியில், இன்னொன்று பிடரியில். தாடி இருந்தால் ஓரம் ஒழுகும்.

இங்குள்ள காற்று மாசுக் குறியீடு 100 தாண்டினால் ஆரோக்கியமற்றது, 300 தாண்டினால் அபாயம். 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானில் 500 தாண்டி அவசரநிலையே வந்தது. ஆனால் நுண்தூசிக்கு அந்த எண் 24 மணிநேரச் சராசரி. இப்போது வந்த புகை அதில் முழுசாகத் தெரிய நேரமாகும். அதனால் கண்ணையும் நம்ப வேண்டும்: தினமும் தெரிகிற இரட்டைக் கோபுரம் மறைந்துவிட்டால் முதியவர்களை வெளியே விடாதே என்பது இங்கே எங்கள் கணக்கு.

மாசி வருவதற்குள் நம் வைக்கோல் படப்பைச் சுற்றி மூன்று மீட்டர் புல்லைச் செதுக்கிவிடுங்கள். கிணற்று மோட்டாரின் குழாய் அடியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் பிடிக்கும் ஃபுட்வால்வு போன தடவையே தேய்ந்திருந்தது. தீப்பிடித்த பிறகு தண்ணீர் ஊற்றிப் பிடிக்கவிட்டுக் கொண்டிருக்க முடியாது, மாற்றிவிடுங்கள். மதினியின் மருந்துக்கு அடுத்த வாரம் பணம் அனுப்புகிறேன்.

அன்புத் தம்பி