கியூ ஷீட்டில் எங்கள் பெயரையும் எழுதுங்கள்

தமிழ் நெடுந்தொடர் தயாரிப்பாளர்களுக்கும் சேனல்களின் நிகழ்ச்சிப் பிரிவினருக்கும்,

வணக்கம். சீரியல்களுக்கு டைட்டில் பாட்டு எழுதி, இசையமைத்து, பின்னணி இசையும் போட்டுத் தருகிறவன் நான். ஒளிபரப்பு முடிந்த ஒரு தொடர் இப்போது மறு ஒளிபரப்பில் ஓடுகிறது. இசை விவரப் பட்டியலான கியூ ஷீட்டை அனுப்பினீர்களா என்று போன வாரம் கேட்டேன். "அதான் ஃபுல் பேமென்ட் வாங்கிட்டீங்களே சார்" என்றார் மேனேஜர்.

2012இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு உங்களுக்குத் தெரியாததல்ல. உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும், தியேட்டருக்கு வெளியே பாட்டு பயன்படும்போது வரும் ராயல்டியில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உள்ள சம பங்கு போகாது. அதை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோதான் தரலாம். மாறாக எந்த ஒப்பந்தம் போட்டாலும் செல்லாது. அந்தப் பங்கு எங்கள் பதிப்புரிமைச் சங்கமான ஐ.பி.ஆர்.எஸ். வழியாக எங்களுக்கு வர வேண்டுமானால், எந்த எபிசோடில் யாருடைய இசை எத்தனை விநாடி வந்தது என்ற விவரம் அவர்களுக்குப் போக வேண்டும். அதற்குத்தான் கியூ ஷீட் கேட்கிறோம்.

காட்சிக்குப் பின்னணி இசை சேர்க்கும் ரீ-ரெக்கார்டிங் எப்படி நடக்கிறது என்பதும் நீங்கள் அறிந்ததே. எடிட் முடிந்து ராத்திரி பதினோரு மணிக்கு ஹார்ட் டிஸ்க் வரும், மறுநாள் சாயங்காலம் டெலிகாஸ்ட். மாமியார் திரும்பிப் பார்க்கும் மூன்று ஷாட்டுக்கும் மூன்று அடி, மருமகள் அழுதால் புல்லாங்குழல். சில மாதம் இப்படிப் போகும். பிறகு திடீரென்று டிஸ்க் வருவது நிற்கும். கையிலிருக்கும் டிராக்குகளையே எடிட்டர் வெட்டி ஒட்டிக்கொள்வார். எபிசோடுக்கு இவ்வளவு என்ற சம்பளமும் அத்தோடு நிற்கும். இசை மட்டும் நிற்காது. அதே கம்பெனியின் அடுத்த தொடரில் வேறொரு மருமகள் என் புல்லாங்குழலுக்கு அழுதாள். "இது நீ போட்டதுதானேடா?" என்று முதலில் கண்டுபிடித்தது என் அம்மா.

டைட்டில் பாட்டு பத்து விநாடியாகச் சுருங்கிவிட்டது. பெயர் போடுகிறீர்கள், மறுக்கவில்லை. கண்ணாடியை மாட்டுவதற்குள் ஓடிவிடுகிறது. ஓ.டி.டி.யில் அதையும் தாண்டிப் போக ஒரு பட்டன். வாய்ப்பு கேட்டு வரும் புதுப் பையன்களிடம் "பேர் கிடைக்கும் தம்பி" என்று சொல்லித்தான் சம்பளத்தைக் குறைக்கிறீர்கள். அந்தப் பேரையாவது கொடுக்கலாமே! ரியாலிட்டி ஷோ மேடையில் இசைக் கலைஞர்களுக்கு நீங்கள் போர்த்தும் பொன்னாடைக்கு ஆகும் செலவுகூட இதற்கு ஆகாது.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். ஒளிபரப்பாகும் தொடர்களுக்கும் மறு ஒளிபரப்புக்கும் கியூ ஷீட்டில் பாடலாசிரியர், இசையமைப்பாளர் பெயர்களைச் சேர்த்து அனுப்புங்கள். பழைய டிராக்கை எடுத்துப் போட்டாலும் அதற்கு இசையமைத்தவர் பெயரை எழுதுங்கள். தயவுசெய்து. நிரப்ப ஆள் இல்லையென்றால் என் தொடர்களுக்கு நானே உட்கார்ந்து நிரப்பித் தருகிறேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு சீரியல் இசையமைப்பாளன்
சாலிகிராமம், சென்னை