ஒரு குமிழ், ஒரு மீட்டர்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் போன வியாழக்கிழமை வந்தது. முழங்கால் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டாய் என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. பிசியோதெரபியை மட்டும் ஒரு நாளும் விட்டுவிடாதே. வலிக்கிறதே என்று இன்றைக்கு விட்டால் நாளைக்கு இரண்டு மடங்காக வலிக்கும். அப்பாவுக்குக் கூடவே இருந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். லதாவிடம் தினமும் கேட்டுக்கொள்வேன், பொய் சொல்ல முடியாது.

கடைசிப் பத்தியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாயே, "சதுரக் கட்டைய வச்சி உருண்ட ராக்கெட்ட எப்படிடே செய்யுத?" என்று. முப்பது வருஷம் லேத் பிடித்த கை கேட்கிற கேள்வி. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால்தான் இதைக் கடிதமாகவே எழுதுகிறேன்.

இது ஆரம்பித்த கதை உனக்குத் தெரியாது. ஜூனில் கயல் கல்லூரி விடுதிக்குப் போனாள். அவள் அறையைப் பெருக்கும்போது கட்டிலுக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டி. நிறைய லெகோ கட்டைகள், எந்தப் பொம்மையின் எந்தப் பாகம் என்று தெரியாமல் கலந்துகிடந்தன. யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று தரையில் உட்கார்ந்து நிறம் பிரித்தேன். வெள்ளை மட்டும் ஒரு குவியலாகச் சேர்ந்தது. அந்தக் குவியலைப் பார்த்ததும் 2023 ஜூலை 14 ஞாபகம் வந்தது. மதியம் இரண்டரை மணிக்கு மேல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எல்விஎம்-3 சந்திரயான்-3ஐத் தூக்கிக்கொண்டு எழும்பியபோது நீயும் நானும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோமே, அந்த நாள். அந்த ராக்கெட்டையே செய்வது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

ராக்கெட் என்றாலே எனக்கு நம் பணகுடி வீட்டு மொட்டைமாடிதான். மகேந்திரகிரியில் என்ஜினைச் சோதிக்கும் நாளில் மேற்கேயிருந்து ஓர் உறுமல் வரும். ஆச்சி அடுக்களையிலிருந்து, "மலைக்குள்ள ராக்கெட்ட கெட்டிவச்சி எரிக்கானுவ" என்பாள். கட்டிவைத்து எரிப்பதுதான் அந்தச் சோதனை என்று பிற்பாடு படித்தபோது ஆச்சியை நினைத்துக்கொண்டேன். எல்விஎம்-3இன் நடுப்பகுதியில் இருக்கும் இரண்டு விகாஸ் என்ஜின்களும், மேலே இருக்கும் கிரையோஜெனிக் என்ஜினும் அந்த மலையடிவாரத்தில் சோதிக்கப்பட்ட குடும்பம். அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த நான் அளவில் ஏனோதானோ என்று செய்யக் கூடாது.

சரி, அளவுக்கு வருகிறேன். உனக்குப் பிடித்த இடம்.

லெகோவில் மேலே தெரியும் ஒவ்வொரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் நடுவே 8 மில்லிமீட்டர். ஒரு கட்டையின் உயரம் 9.6. கட்டையில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் பிளேட் என்று ஒன்று உண்டு, அது 3.2. இந்த மூன்று எண்தான் மொத்த வியாபாரமும். டென்மார்க்கில் பில்லுண்ட் என்கிற ஊரில் 1958இல் காப்புரிமைக்குப் பதிந்த அமைப்பு. அன்றைக்கு வார்த்த கட்டை இன்றைக்கு வாங்கிய கட்டையின் மேல் கச்சிதமாக உட்காரும். அச்சு செய்கிறவன் நீ, அறுபது வருஷத்துக்கு மேல் ஓர் அளவைக் காப்பாற்றுவது என்றால் என்னவென்று நான் உனக்குச் சொல்ல வேண்டாம்.

முதலில் நான் தப்பான இடத்தில் தொடங்கினேன். லெகோ 2017இல் சாட்டர்ன்-5 ராக்கெட்டை ஒரு செட்டாகப் போட்டது. ஒரு மீட்டர் உயரம், மொத்தம் 1,969 துண்டுகள். மனிதன் நிலவில் கால் வைத்த வருஷமே துண்டுகளின் எண்ணிக்கை. அசலில் 110-இல் ஒரு பங்கு. என்றாவது ஒருநாள் அதை வாங்கிப் பக்கத்தில் நிறுத்த வேண்டும் என்ற ஆசையில் நானும் 110-இல் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டேன். எல்விஎம்-3இன் நடு உடல் 4 மீட்டர் விட்டம். 110ஆல் வகுத்தால் நான்கரைக் குமிழ் சொச்சம். இரண்டு பக்கமும் ஒட்டி நிற்கும் பூஸ்டர் மூன்றரைக்கு மேல். தலையில் விண்கலத்தை மூடியிருக்கும் வெப்பக் கவசம் ஐந்தே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு. எதுவுமே குமிழில் உட்காரவில்லை. மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாகப் போராடினேன். நடு உடலைக் கூட்டினால் பூஸ்டர் ஒல்லியாகத் தெரியும், பூஸ்டரைக் கூட்டினால் மொத்தமும் குண்டாகும். ஒரு கட்டத்தில் எல்லாவற்றையும் பிரித்துப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

அப்புறம் ஒருநாள் காலையில் பால் காய்ச்சிக்கொண்டிருக்கும்போது கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். ராக்கெட்டைச் சுருக்கிக் குமிழுக்குள் திணிப்பதற்குப் பதில் ஒரு குமிழை ஒரு மீட்டர் என்று வைத்தால்? 8 மில்லிமீட்டர் ஒரு மீட்டர் என்றால் 125-இல் ஒரு பங்கு. நடு உடல் 4 மீட்டர், நான்கு குமிழ். வெப்பக் கவசம் 5 மீட்டர், ஐந்து குமிழ். ஒரு பிளேட்டின் கனம் 40 சென்டிமீட்டர். உயரம் 43.5 மீட்டர், 36 கட்டை, அதற்கு மேல் ஒரு பிளேட். மாடலில் பிழை ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது, மீனா திட்டினாள். நான் கவனிக்கவே இல்லை.

பூஸ்டர் மட்டும் உதைத்தது. எஸ்-200 என்று சொல்லும் அந்தத் திட எரிபொருள் பூஸ்டரின் விட்டம் 3.2 மீட்டர். மூன்று குமிழ் என்றால் ஒல்லி. நான்கு என்றால் நடு உடலுக்குச் சமமாகிவிடும். உன் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது, கவனமாகக் கேள். லெகோவில் குமிழ் எப்போதும் வானத்தைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பிராக்கெட் என்று ஒரு துண்டு உண்டு, ஆங்கில எல் மாதிரி மடங்கியிருக்கும். அதன் படுக்கைப் பக்கம் சாதாரண பிளேட். தொங்கும் பக்கத்தில் குமிழ்கள் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தொங்கும் சுவரின் கனம் பிளேட்டில் சரியாகப் பாதி, 1.6. இரண்டு குமிழ் அகலத்தில் ஒரு தண்டு கட்டினேன், அது 16 மில்லிமீட்டர். இரண்டு பிராக்கெட்டை முதுகோடு முதுகு வைத்தால் இரண்டு பக்கம் மூடும். அடுத்த அடுக்கில் திருப்பி வைத்தால் மற்ற இரண்டு பக்கமும் மூடும். அதன் மேல் குமிழ் இல்லாத வழவழப்பான டைலை ஒட்டினேன், அது 3.2. இப்போது கூட்டு: 16, இந்தப் பக்கம் 4.8, அந்தப் பக்கம் 4.8. மொத்தம் 25.6.

25.6ஐ 125ஆல் பெருக்கு. 3.2 மீட்டர்.

முருகேசா, சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டு தடவை பேப்பரில் போட்டுப் பார்த்த பிறகுதான் நம்பினேன். கிட்டே வைத்துப் பார்த்தால் அது உருண்டை இல்லை, நாலு மூலையும் உள்வாங்கிய தூண். ஆனால் மேசையிலிருந்து நாலடி தள்ளி நின்றால் மூலையில் விழும் நிழலே அதை உருட்டிவிடுகிறது. கோயில் தூணில் சதுரத்தை எட்டுப் பட்டையாக்கி, எட்டைப் பதினாறாக்கி உருட்டிக்கொண்டே போவார்களே, அந்த வழிதான். பூஸ்டரின் உச்சிதான் இன்னும் முடியவில்லை. நேரான கூம்பு இல்லை அது, உடலோடு சாய்ந்தாற்போல இருக்கும். இதுவரை நாலு விதமாகச் செய்து நாலையும் பிரித்துவிட்டேன்.

நடு உடலில் கஷ்டமே இல்லை. நாலுக்கு நாலு உருளைக் கட்டை கடையிலேயே கிடைக்கிறது, அடுக்கிக்கொண்டே போக வேண்டியதுதான். கிடைத்ததில்தான் ஏமாந்தேன். ஆன்லைனில் ஒருவரிடம் பழைய துண்டுகளாக வாங்கினேன்; வந்ததில் பாதி வெயில் பட்டுப் பழுத்து வெண்ணெய் நிறத்தில் இருந்தது. திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நல்ல வெள்ளையை முன்பக்கம் வைத்து, மஞ்சளை வெளியே தெரியாத இடத்தில் போட்டேன். பரவாயில்லை, உள்ளே தாங்குவதற்கும் ஆள் வேண்டுமே.

நாலு குமிழ் உடலின் மேல் ஐந்து குமிழ் கவசம் எப்படி நடுவில் உட்காரும் என்று அடுத்து கேட்பாய். அரைக் குமிழ் நகர வேண்டும். அதற்கு ஜம்பர் என்று ஒரு சின்ன பிளேட். இரண்டு குமிழ் இடத்தில் நட்டநடுவே ஒரே குமிழ் இருக்கும். கவசத்தின் வட்டத்துக்கு மக்ரோனி என்று ரசிகர்கள் செல்லமாகச் சொல்லும் கால்வட்டக் கட்டை: மூலைக்கு ஒன்றாக நாலு, நடுவில் ஒற்றைக் குமிழ் கட்டைகள். இரண்டும் ஒன்றும் இரண்டும் ஐந்து. உள்ளே மூன்று குமிழ் அகலத்துக்கு வெற்றிடம் கிடைக்கிறது. அசலில் அந்தக் கவசம் சரிபாதியாகப் பிளந்து விழும். ஐந்தைப் பாதியாக்க முடியாதே, அதனால் என்னுடையது பின்னால் மூன்று, முன்னால் இரண்டு என்று பிரிகிறது. அது எனக்கு இன்னும் உறுத்திக்கொண்டேதான் இருக்கிறது. வேறு வழி தோன்றினால் எழுது.

இதையெல்லாம் கையில் கட்டைக்கு அலையாமல் கணினியிலேயே முதலில் கட்டிப் பார்க்க ஸ்டூடியோ என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, இலவசம். ஒரு துண்டு இன்னொன்றுக்குள் இடித்தால் சொல்லிவிடும். அந்த நிறத்தில் அந்தத் துண்டு வந்ததே இல்லை என்றாலும் சொல்லிவிடும். ஆனால் இறுக்கம் மட்டும் அதில் தெரியாது. எது லூசாக ஆடும், எது நகம் பெயர்ந்தாலும் பிரியாது என்பது கையில் எடுத்தால்தான் தெரிகிறது.

நம்மைப் போன்ற ஆட்கள் செய்ததே கடைக்கு வந்த கதையும் உண்டு. ஒரு ரசிகர் வடிவமைத்து, அது பத்தாயிரம் பேர் ஆதரவைப் பெற்றால் செட்டாகப் போடலாமா என்று லெகோ பரிசீலிக்கிறது. இப்போது சொன்னேனே சாட்டர்ன்-5, அது ரசிகர்கள் கொண்டுவந்ததுதான். செவ்வாயில் ஓடும் கியூரியாசிட்டி ஊர்தியை 2014இல் அப்படிப் போட்டார்கள். அதை வடிவமைத்தவர் அசல் கியூரியாசிட்டியிலேயே வேலை பார்த்த பொறியாளர். பகலில் அசலைச் செய்தவருக்கு ராத்திரியில் கட்டையிலும் அதையே செய்யத் தோன்றியிருக்கிறது பார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. வியாழனுக்குப் போன ஜூனோ விண்கலத்தில் அலுமினியத்தில் செய்த மூன்று லெகோ பொம்மைகள் நிஜமாகவே பயணம் போயிருக்கின்றன, அதில் ஒன்று கலிலியோ.

கயல் ஆயுத பூஜை விடுமுறைக்கு வந்தாள். தன் கட்டையை அப்பா எடுத்துக்கொண்டார் என்று சண்டை போடுவாள் என நினைத்தேன். ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்து, ஆரஞ்சு நிறத்தில் கண்ணாடி மாதிரித் துண்டுகளைத் தேடி எடுத்துத் தீப்பிழம்பு செய்தாள். இரண்டு பூஸ்டருக்கும் வைத்துவிட்டு நடு என்ஜினுக்கும் வைக்கப்போனாள். வேண்டாம் என்றேன். தரையை விட்டுக் கிளம்பும்போது எரிவது பூஸ்டர்கள் இரண்டும்தான். நடுவில் இருக்கும் விகாஸ் என்ஜின்கள் கிளம்பி நூறு விநாடிக்கு மேல் ஆன பிறகு, ஆகாயத்தில்தான் பற்றும். "அப்ப அது வரைக்கும் சும்மா வர்ற பாரமாப்பா?" என்றாள். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் அவள்தான் கேட்டாள், "விக்ரம் எங்கப்பா?" என்று. நான் அதுவரை வெளியை மட்டுமே செய்துகொண்டிருந்தேன். இஸ்ரோ கொடுத்த அளவில், நிலவில் இறங்கிய விக்ரம் லேண்டர் இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர். நம் கணக்கில் இரண்டு குமிழுக்கு இரண்டு குமிழ். அவள் பெட்டியிலிருந்து பொன்நிறத்தில் ஓர் இரண்டுக்கு இரண்டு பிளேட்டை எடுத்தாள், அதன் கீழ் இன்னொன்று, நாலு மூலையிலும் சின்னக் கால். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. உள்ளே இருக்கும் பிரக்யான் ஊர்தி இந்த அளவில் ஒரு குமிழைவிடச் சிறியது, அதைச் செய்யவே முடியாது. லேண்டரைக் கவசத்துக்குள் ஜம்பர் மேல் உட்காரவைத்து மூடினாள். பிறகு திறந்தாள். திரும்ப மூடினாள்.

640 டன் ராக்கெட், அதில் லேண்டர் 1,752 கிலோ. இந்த எண்களை நான் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன், உன்னிடம் சொல்லியும் இருக்கிறேன். ஒரு முழத்துக்கும் குறைவான உயரத்தில் நிற்கிற அந்த வெள்ளைத் தூண்களுக்குள் அந்தப் பொன் துண்டு மூடிக்கொண்டதைப் பார்த்தபோதுதான் அவ்வளவு பெரியது எதற்காக அவ்வளவு சின்னதைத் தூக்கிக்கொண்டு போனது என்று உறைத்தது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. 2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் ஆறு மணிக்கு அது இறங்கியபோது நீ போனில் பேசாமல் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தாயே, அதுவும் ஞாபகம் வந்தது.

அடுத்து விக்ரமைத் தனியாகப் பெரிதாகச் செய்ய யோசனை. 25-இல் ஒரு பங்கு என்றால் பத்துக் குமிழ் அகலம், பிரக்யானின் உயரம் சரியாக ஐந்து பிளேட். அது உட்கார நிலவின் தரை வேண்டும். நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டிப் பாறையை அரைத்துத்தான் இஸ்ரோ சோதனைக்கு நிலவு மண் தயார் செய்தது என்பது உனக்குத் தெரியும். உன் மருமகன் ஊர் நாமக்கல்தானே? அந்தப் பக்கம் போனால் அந்தப் பாறையின் நிறம் எப்படி என்று வெயிலில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல். லெகோவில் சாம்பலே இரண்டு மூன்று வகை இருக்கிறது, எதை வாங்குவது என்று தெரியவில்லை.

கால் சரியானதும் லதாவோடு கிளம்பி வா. பொங்கலுக்குள் வந்தால் நல்லது. வரும்போது உன் பழைய வெர்னியரை மறக்காமல் எடுத்து வா. என்னிடம் இருக்கும் பிளாஸ்டிக் ஸ்கேலால் 1.6ஐ அளக்க முடியவில்லை. பூஸ்டர் உச்சியை அப்படியே விட்டு வைத்திருக்கிறேன், நீ வந்து ஐந்தாவது விதம் சொல்.

அன்புடன்,
சங்கரன்