அலமாரிச் சாவி என் மேசையில்தான் இருக்கிறது

அன்புள்ள முதலாமாண்டுத் தம்பி தங்கைகளுக்கு,

அரசு கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் பத்தொன்பது வருடங்களாக நூலகராக இருக்கிறேன். உங்களில் பாதிப் பேர் வீட்டில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நீங்கள்தான். காலை ஷிப்ட் முடிந்ததும் பஸ் பிடிக்க ஓடுகிறீர்கள். மதியத்துக்கு மேல் ஜவுளிக்கடையிலும் மெடிக்கல் ஷாப்பிலும் நிற்கிறவர்களும் இருக்கிறீர்கள். அதெல்லாம் தெரிந்துகொண்டு, நேரத்தை வீணாக்காதீர்கள் என்று உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வராது. நான் சொல்ல வந்தது வேறு. இந்தக் கல்லூரியில் இருப்பதெல்லாம் உங்களுக்காக இருப்பது. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சில வருடங்களுக்கு முன் இயற்பியல் படித்த பையன் ஒருவன் தினமும் வருவான். வாசலில் நோட்டில் கையெழுத்துப் போடுவான், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து பேப்பர் படிப்பான், போய்விடுவான். இரண்டு மாதம் கழித்து ஒருநாள் என் மேசை முன்னால் வந்து நின்றான். "சார், அந்தக் கண்ணாடி பீரோவில் இருக்கிற புத்தகமெல்லாம் வாத்தியாருங்களுக்கு மட்டும்தானா?"

அதைப் பூட்டி வைத்திருந்தது நான். ஒரு புத்தகம் தொலைந்தாலும் கணக்கெடுக்கும்போது நான் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயம். அந்தப் பூட்டைப் பார்த்துப் பார்த்து, இது நமக்கில்லை என்று அவன் முடிவு பண்ணியிருக்கிறான். உடனே திறந்துவிட்டேன். அவன் எடுத்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த சீட்டில் அதுவரை ஒரே ஒரு தேதி முத்திரைதான் விழுந்திருந்தது. வாங்கிப் பன்னிரண்டு வருடம் ஆன புத்தகம். இன்றைக்கு நினைத்தாலும் மனசு கேட்பதில்லை.

உங்களில் பலருக்கு முதல் செமஸ்டரில் இடிப்பது ஆங்கிலம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு, திடீரென்று பாடமெல்லாம் ஆங்கிலத்தில் வந்தால் யாருக்கும் கண்ணைக் கட்டும். அதற்கு உதவுகிற புத்தகங்கள் கீழ்த்தட்டில் கிடக்கின்றன. 1960, 70-களில் தமிழ் வெளியீட்டுக் கழகமும் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனமும் கல்லூரிப் பாடங்களைத் தமிழில் நூறு நூறாகப் போட்டார்கள். வேதியியல், பொருளாதாரம், உளவியல், வரலாறு என்று பல துறைகள். தாள் பழுத்திருக்கும், புதிய கண்டுபிடிப்புகள் இருக்காது. ஆனால் அடிப்படை மாறவில்லை. அத்தியாயத்தை முதலில் அதில் படியுங்கள், அப்புறம் அதையே ஆங்கிலப் புத்தகத்தில் படியுங்கள். இரண்டாவது வாசிப்பில் ஆங்கிலம் பாதி வழிக்கு வந்துவிடும். இப்படிப் படித்தால் மட்டம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது ஸ்டாஃப் ரூம். அந்த வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கி நிற்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். உள்ளே போங்கள். புரியாத ஒரு கணக்கை, ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு போங்கள். மூன்று வருடத்தில் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆசிரியர் ஒருவராவது இருக்க வேண்டும். காரணம் இருக்கிறது. நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து வருடாவருடம் கோடை ஆராய்ச்சி உதவித்தொகை தருகின்றன. பி.எஸ்சி. மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். தேர்வானால் பெரிய ஆய்வு நிறுவனம் ஒன்றில் ஒரு விஞ்ஞானியோடு இரண்டு மாதம் வரை வேலை செய்யலாம். அதற்கு ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். முகமே தெரியாத பிள்ளைக்கு அவர் என்னவென்று எழுதுவார்? ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேர ஜாம் என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைக் கடைசி வருடத்தில், கடைசித் தேதிக்கு அப்புறம் கேள்விப்பட்டு என்னிடம் வந்து நிற்கிற பிள்ளைகள் எல்லா வருடமும் உண்டு. இரண்டாம் வருடத்திலேயே கேளுங்கள்.

அரசின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் வருகிறவர்கள், வீட்டில் தேவை இருந்தால் கொடுங்கள். அதில் ஒரு தப்பும் இல்லை. விண்ணப்பக் கட்டணங்களுக்கு மட்டும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

இன்னொன்று. வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் 'இந்த மேஜர் பாடமே வேண்டாம், நின்றுவிடலாம்' என்று சிலர் பேசுவது என் காதில் விழுகிறது. சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். சில நாட்களிலேயே தனிமை தாங்காமல், முன்பு பாடம் நடத்திய கல்லூரிக்கே போய், பழைய வேலையே வேண்டும் என்று நின்றார். லண்டனில் போய் நூலகவியல் படித்துவிட்டு வா, அப்போதும் பிடிக்காவிட்டால் வகுப்புக்கே வந்துவிடு என்றார்கள் அங்கே. போனார், படித்தார். அதன் பிறகு நூலகத்தை அவர் விடவே இல்லை. இன்று இந்திய நூலகவியலின் தந்தை என்று அவரைத்தான் சொல்கிறோம். நீங்களும் ஒரு செமஸ்டர் இருந்து பாருங்கள். அதற்குப் பிறகும் பிடிக்காவிட்டால் வாருங்கள், என்ன செய்யலாம் என்று உட்கார்ந்து பேசுவோம்.

நூலகம் காலை எட்டரைக்குத் திறக்கும். பஸ்ஸுக்கு அரை மணி இருந்தாலும் வரலாம். அட்டை இன்னும் வாங்காதவர்கள் இரண்டு போட்டோ கொண்டுவந்தால் அன்றைக்கே போட்டுத் தருகிறேன். கண்ணாடி பீரோ இப்போது பகலில் பூட்டுவதில்லை. என்றைக்காவது பூட்டியிருந்தால் சாவி என் மேசையின் இடது டிராயரில் இருக்கும், நீங்களே எடுத்துத் திறந்துகொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் நூலகர்